நாலு சைக்கிளுக்கும் காத்து

இந்தப் பக்கமா உக்காருங்கம்மா. அந்தப் பக்கம் மாவுக்கட்டு, பஸ் குலுங்குனா உங்க தோள்ல இடிக்கும். பை இருக்கட்டும், மடியில வச்சுக்கறேன். நீங்க எங்க, கீரனூரா? நான் புதுக்கோட்டை. இந்தப் பெட்டியைப் பாத்தாலே ஏர்போர்ட்டுல இருந்து ஏறுனவன்னு தெரியும். பின்லாந்துல இருந்து வர்றேன். என் தம்பி அமலதாஸ் அங்க இருக்கான், அமல்னு கூப்பிடுவோம். அவன் பொண்டாட்டி ரீத்தா, திண்டுக்கல்காரி. ஒரே பொண்ணு ஜெனி, ஏழு வயசு. ஒரு மாசம் இருந்துட்டு வாக்கான்னு டிக்கெட் போட்டு அனுப்புனான். போனேன். கையோட போனேன், கட்டோட வந்திருக்கேன்.

வழுக்கி விழுந்துட்டீங்களான்னு பிளேன்ல பக்கத்துல இருந்தவரும் கேட்டாரு. விழுந்தேன்தான். ஆனா கை ஒடிஞ்சதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லம்மா. எலும்பு ஆறு வாரத்துல கூடிரும், நான் நர்ஸு, எனக்குத் தெரியாதா. கூடப் பொறந்தவன் நான் செஞ்ச வேலையைத் தான் செஞ்சேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிப் பேரு வாங்கிக்கிட்டான் பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

முப்பத்திமூணு வருஷம் கிராம சுகாதார செவிலியர். சப்-சென்டர் ஜெபமாலைன்னா எங்க பக்கத்துல பதினாலு ஊருக்குத் தெரியும். எல்லா ஊருக்கும் சைக்கிள்தான். கேரியர்ல தடுப்பூசிப் பெட்டி, ஹேண்டில்பார்ல ரிஜிஸ்டர் பை. ஐஸுன்னு நான் பாத்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதுதான். தெனமும் காலையில டயரைக் கட்டைவிரலால அமுக்கிப் பாக்காம வண்டியை எடுத்ததே இல்லை. ஒரு நாள் அவசரத்துல பாக்காம எடுத்தேன். காத்து இறங்கிப்போன வண்டி, புள்ளத்தாச்சி ஒருத்தியைப் பாக்கப் போற வழியில ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயி வாய்க்கால்ல தள்ளிருச்சு. அன்னிலேருந்து எனக்கு ஒரே சட்டம், டயரு கல்லு மாதிரி இருக்கணும்.

அந்த ஊரு இருக்கே, அதைப் பாத்த நாள்லேருந்து எனக்குப் பயம். மைனஸ் பதினெட்டு. ரோடு வெள்ளை, மரம் வெள்ளை, ஆறு உறைஞ்சு கெடக்கு, அதுமேல ஆளுங்க நாயைப் புடிச்சுக்கிட்டு நடக்குறாங்க. அந்தப் பனியில சைக்கிள் வேற ஓட்டுறாங்க! பள்ளிக்கூடப் புள்ளைங்க, வயசானவங்க, வயித்துப் புள்ளக்காரிங்க, எல்லாரும். நான் ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே நிப்பேன், ஒவ்வொரு ஆளு திரும்புறப்பவும் மாதாவே மாதாவேன்னு. ஒருத்தரும் விழலை. விழாததுதான் எனக்கு இன்னும் பயமாப் போச்சு, நாளைக்கு விழுவாங்களேன்னு.

அப்பறம் ஒரு சனிக்கிழமை அமல் சொல்றான், "நாளைக்கு எல்லாரும் சைக்கிள்ல ஆத்தோரம் போறோம்க்கா. அங்க நெருப்பு மூட்டுற கொட்டகை இருக்கு, தீ போட்டுக் காப்பி குடிப்போம். உனக்கும் பக்கத்து வீட்டுல ஒரு லேடீஸ் சைக்கிள் கேட்டு வச்சிருக்கேன்."

"நான் வரலைடா சாமி. என்னை உசிரோட ஊருக்கு அனுப்பு" அப்படின்னேன்.

ஜெனி விடலை. "அத்தை, நீங்கதான அப்பாவுக்கே சைக்கிள் சொல்லிக் குடுத்தீங்க? அப்ப நீங்கதான் சாம்பியன்." அந்தப் புள்ள வாயைப் பாத்தீங்கன்னா யாரா இருந்தாலும் கவுந்துருவீங்க.

அன்னிக்குச் சாயங்காலம் கீழ சைக்கிள் நிறுத்துற அறைக்குப் போனோம். அமல் நாலு சைக்கிளையும் வரிசையா நிறுத்தி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா வால்வை அமுக்குறான், உஸ்ஸு உஸ்ஸுன்னு காத்து வெளிய போவுது. "ஏன்டா, நல்ல காத்தை எதுக்குடா இறக்குற?"

"பனியில டயரு கொஞ்சம் மெத்துனு இருக்கணும்க்கா. அப்பத்தான் ரெண்டு ஓரத்துல இருக்கற ஆணியும் தரையைக் கடிக்கும். கல்லு மாதிரி அடிச்சா நடுவுல மட்டும்தான் படும், வழுக்கி விட்டுரும்."

ஆமாம்மா, டயர்ல ஆணி. மூக்குத்தி சைஸுக்குக் குட்டிக் குட்டியா. நம்ம ஊர்ல டயர்ல ஆணி ஏறுனா பஞ்சர் கடைக்குத் தள்ளிட்டு ஓடுவோம். அங்க கம்பெனியிலயே வச்சு விக்கிறான். சரி, ஊருக்கு ஊரு ஒரு கூத்து. ஆணியை நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா காத்து! அந்த விஷயத்துல எனக்கு எவனும் பாடம் எடுக்க முடியாது. அம்மா போனப்ப அமலுக்கு ஆறு வயசு. கேரியர்ல அந்தப் பெட்டிக்கு முன்னாடி அவனை உக்கார வச்சு ஊரு ஊராக் கூட்டிட்டுப் போயிருக்கேன். கல்யாணம் காட்சின்னு எனக்கு எதுவும் அமையலை. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான், இப்ப அவன் பொண்ணு. அந்தப் புள்ள காத்தில்லாத சைக்கிள்ல பனியில போவும், நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?

மறுநாள் காலையில அவங்க எழுந்து பல்லு விளக்குறதுக்குள்ள நான் கீழ இறங்கிட்டேன். பம்பு அங்கயே சுவத்துல சாத்தியிருந்துச்சு. வால்வு நம்ம ஊரு மாதிரி இல்லை, ஆனா ரெண்டு தடவை பாத்ததும் பிடிபட்டுருச்சு. முதல்ல ஜெனியோடது. சின்னச் சிவப்பு சைக்கிள். அதுக்குத்தான் பாத்துப் பாத்து அடிச்சேன். அப்பறம் ரீத்தாவோடது, அமலோடது, கடைசியா என்னோடது. நாலு சைக்கிளுக்கும் காத்து. அம்பத்தெட்டு வயசுல, அந்தக் குளிர்லயும் எனக்கு வேர்த்து ஊத்துது. விரலால அமுக்குனேன், அசையலை. அப்பத்தான் நெஞ்சுல இருந்த பயம் கொஞ்சம் இறங்குச்சு. மேல போயிக் காப்பி போட்டேன். யாருகிட்டயும் சொல்லலை. சொல்லிக் காட்டிச் செய்யறது என் வழக்கமில்லை.

கெளம்புனோம். ஜெனி முன்னாடி, அவ பின்னாடி ரீத்தா, அப்பறம் நான், எனக்குக் காவலா கடைசியில அமல். சொன்னா நம்ப மாட்டீங்க, கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சும்மா. பனி கெட்டியா இறுகிக் கெடக்கு, வண்டி சல்லுனு போவுது, ரெண்டு பக்கமும் மரக்கெளையில பனி. வெயில் வேற அடிச்சுச்சு. சூடே இல்லாத வெயில், ஆனா வெளிச்சம் கண்ணைக் கூசுது. ஜெனி பாட்டுப் பாடிக்கிட்டே போறா. நான்கூடச் சத்தமாச் சிரிச்சேன். "அக்கா, பழைய நர்ஸம்மா திரும்பி வந்துட்டாங்க"ன்னு அமல் பின்னாடிலேருந்து கத்துறான். எல்லாம் காத்து பண்ற வேலைடான்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்.

ஒரு வளைவுல ரீத்தாவோட பின்சக்கரம் லேசா ஒதுங்குச்சு. காலை ஊனிச் சமாளிச்சுட்டா. "என்னன்னு தெரியலை, இன்னிக்கு நிக்கவே மாட்டேங்குது"ன்னா. "மேல புதுப்பனி, பாத்து மெதுவாப் போ"ன்னான் அமல். நான் ஒண்ணும் சொல்லலை. குனிஞ்சு என் டயரை ஒரு தடவை பாத்துட்டு மிதிச்சேன்.

அதுக்கப்பறம் ஒரு இறக்கம். பாதை ஆத்தைப் பாத்து இறங்கி, கரையில வெடுக்குனு இடது பக்கம் திரும்புது. திரும்புற எடத்துல ஒரு பாலம். ஆறு பூரா உறைஞ்சிருக்கு, ஆனா அந்தப் பாலத்துக்கு அடியில மட்டும் தண்ணி வேகமா ஓடுறதால உறையலை. கறுப்பா, ஆவி பறந்துக்கிட்டு ஓடுது. அத்தனை வெள்ளைக்கு நடுவுல அந்தக் கறுப்பைப் பாத்ததுமே, "ஜெனி, நில்லு!"ன்னு கத்துனேன். பிரேக்கைப் புடிச்சா. புடிக்கத்தான் செஞ்சா, நான் பாத்தேன். சக்கரம் நின்னுருச்சு, ஆனா சைக்கிள் நிக்கலை. நின்ன சக்கரத்தோட அப்படியே வழுக்கிக்கிட்டுப் போவுது. திரும்பற எடத்துல திரும்பலை. கரையைத் தாண்டிச்சு. ஆத்துமேல போயி விழுந்து, புள்ள ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும் சறுக்கிக்கிட்டே போவுதுங்க, அந்தக் கறுப்பைப் பாத்து.

நான் எப்ப விழுந்தேன்னு எனக்குத் தெரியாது. கை ஒடிஞ்சதும் தெரியாது. அமல் விழுந்த சத்தம் பின்னாடி கேட்டுச்சு. எங்க மூணு பேரோட சைக்கிள்ல ஒண்ணுகூட நிக்கலைம்மா.

ஜெனி நின்னுட்டா. அவளுக்கும் தண்ணிக்கும் நடுவுல, நம்ம சீட்டுலேருந்து டிரைவர் சீட்டு இருக்கற தூரம் இருக்கும், அவ்வளவுதான். சைக்கிள் நிக்கலை. அது பாட்டுக்குப் போச்சு, போச்சு, ஓரத்துல ஒரு நிமிஷம் யோசிச்ச மாதிரி சாஞ்சு நின்னுச்சு, அப்பறம் உள்ள போயிருச்சு. பெருசாச் சத்தம்கூட வரலை. சிவப்பு சைக்கிள், இருந்துச்சு, இல்லை.

புள்ள "அம்மா"ன்னு எழுந்திரிக்கப் பாத்துச்சு. அவ அசைஞ்சதும் ஐஸுக்கு அடியில ஒரு சத்தம். வெறுந்தொட்டியைக் கட்டையால தட்டுன மாதிரி, டொங்குன்னு. ஆத்துக்குள்ள எங்கயோ ஆரம்பிச்சு எங்க காலுக்கு அடியில வந்து முடிஞ்சுச்சு. எத்தனையோ பிரசவம் பாத்திருக்கேன், தாயும் புள்ளையும் கைவிட்டுப் போற நேரத்துலகூட என் கை நடுங்கினதில்லை. அன்னிக்கு அருள் நிறைந்த மரியேன்னு தொடங்குறேன், அடுத்த வார்த்தை என்னன்னு மறந்து போச்சு. பொறந்ததுலேருந்து சொல்ற ஜெபம், மறந்து போச்சு.

அமல் ஓடப் பாத்தான். ரீத்தாதான் அவன் சட்டையைப் புடிச்சு இழுத்தா. "நீங்க கனம். நான் போறேன்." அவ்வளவுதான் சொன்னா. அப்பறம் ஜெனியைப் பாத்து, கதை சொல்ற மாதிரிக் குரலை வச்சுக்கிட்டு, "ஜெனிக்குட்டி, அப்படியே படுத்துக்கடா. கையைக் காலை விரிச்சுப் படு. அம்மா வர்றேன்" அப்படின்னு சொல்லிக்கிட்டே தானும் குப்புறப் படுத்தா. படுத்துக்கிட்டே நகர்றா. கழுத்துல சுத்தியிருந்த நீளத் துண்டை அவுத்து வீசுறா, எட்டலை. இன்னும் நகர்றா. ஐஸு சத்தம் போடுது. மறுபடி வீசுறா, எட்டலை. மூணாவது தடவை புள்ள கையில மாட்டுச்சு. இழுத்தா. அவ காலை அமல் புடிச்சு இழுத்தான். ரெண்டு பேரும் கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. மூணு நிமிஷம் இருக்கும். என் ஆயுசுல அதுதான் நீளமான மூணு நிமிஷம்.

தண்ணி இருக்காம்மா? ஒரு வாய்.

இப்பத்தான் கவனிச்சுக் கேளுங்க. புள்ளையை மடியில போட்டுக்கிட்டுக் கரையில உக்காந்திருக்கா ரீத்தா. பக்கத்துல அவ சைக்கிள் கெடக்கு. என்ன தோணுச்சோ, கையுறையைக் கழட்டிட்டு டயரை அமுக்கிப் பாத்தா. எழுந்து போயி அமலோடதையும் அமுக்கிப் பாத்தா. அப்பறம் நிமிர்ந்து கேட்டா, "யாரு காத்தடிச்சது?"

நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள அமல் என்னைப் பாத்தான். ஒரே ஒரு பார்வை. பாத்துட்டு, "நான்தான்"ன்னான்.

"நேத்து நீங்கதான இறக்குனீங்க?"

"ஆமா. காலையில திரும்ப அடிச்சுட்டேன்."

"ஏன்?"

"தெரியலை ரீத்தா. தப்பு பண்ணிட்டேன்."

நான் கையைப் புடிச்சுக்கிட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வலியோட வலியா எனக்கு அவன்மேல வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! நேத்து எனக்குப் பாடம் எடுத்தவன், நான் செஞ்சது சரின்னு பட்டதும் தான் செஞ்சதா மாத்திக்கிட்டான்னு நெனச்சேன். அன்னிக்கு அப்படித்தாம்மா எனக்குப் பட்டுச்சு. அந்தக் காத்து மட்டும் இல்லைன்னா புள்ள அந்த ஓரத்துல நின்னிருக்குமா, நேரா உள்ளதான் போயிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏன் அப்படி? அதைக் கேக்காதீங்க.

ஆஸ்பத்திரிக்குப் போயிக் கட்டு போட்டு வந்தோம். அன்னிலேருந்து பதினோரு நாளு ரீத்தா அவன்கூடப் பேசலை. ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டைத் தட்டுல போட்டு வச்சுட்டுப் போயிருவா. ஜெனி ரூம்லயே படுத்துக்கிட்டா. என்கிட்ட மட்டும் தங்கமா இருந்தாம்மா. எனக்குத் தலை வாரி விட்டா, ஜாக்கெட் கொக்கி போட்டு விட்டா, சோத்தைப் பிசைஞ்சு ஸ்பூனோட குடுத்தா. "உங்களை இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டாரே அண்ணி"ன்னு சொல்லிச் சொல்லிக் கண்ணைத் தொடச்சுக்கிட்டா. நானும் ஆமாம்மா ஆமாம்மான்னு கேட்டுக்கிட்டேன். மார்ச் மாசம் புள்ளையைக் கூட்டிக்கிட்டுத் திண்டுக்கல் போறாளாம். திரும்பி வர்ற டிக்கெட் போடலையாம். புள்ளையை வெளிய கூட்டிட்டுப் போனதுக்கா ஒரு பொம்பளை இவ்வளவு கோவப்படுவா? எனக்கு ஒண்ணும் பிடிபடலை, பயமா மட்டும் இருந்துச்சு. அவ போயிட்டா அவன் அந்தப் பனிக்குள்ள தனியா என்ன பண்ணுவான்?

ஏர்போர்ட்டுக்கு அவன் மட்டும்தான் வந்தான். முகத்துல தாடி. நான் சும்மா இருந்திருக்கலாம். "பேரு உனக்கு, வலி எனக்கா?"ன்னு குத்திக் காட்டுனேன். அவன் சிரிச்சான். "அக்கா, ரீத்தாகிட்ட காத்தைப் பத்தி எதுவும் பேசிக்க வேணாம். விட்டுரு"ன்னான். என்னமோ பெரிய மனுஷன் மாதிரி.

இல்லம்மா, கொஞ்சம் இருங்க. கீரனூருக்கு இன்னும் நேரம் இருக்குல்ல?

காலையில திருச்சியில இறங்குனதும் வந்து சேந்துட்டேன்னு சொல்ல ரீத்தாவுக்குப் போன் போட்டேன். ஜெனிதான் எடுத்துச்சு. "அத்தை, நான் இனிமே அப்பாகூட சைக்கிள்ல போக மாட்டேன். அப்பா காத்தடிச்சதாலதான் நான் விழுந்தேனாம். அம்மா பாட்டிகிட்ட போன்ல சொன்னாங்க. அப்பாவுக்கு என்மேல அக்கறை இல்லையாம்" அப்படிங்குது. அக்கறை இல்லையாம்மா, அமலுக்கு! நான் போனை வச்சுட்டு அங்க ஒரு நாற்காலியில உக்காந்தவதான், ஒரு மணி நேரம் எழுந்திரிக்கலை. அப்பறம் இந்த பஸ்ல ஏறுனேன். நீங்க கையைப் பத்திக் கேட்டீங்க.

நான் உங்ககிட்ட எதுக்கு இவ்வளவும் சொன்னேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. நீங்க ஒரு தடவையாவது, நீங்க காத்தடிச்சது சரிதான் அக்கான்னு சொல்லிருவீங்கன்னு பாத்தேன். நானும் அப்பப்ப உங்க முகத்தைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். முதல்ல தலையாட்டிக்கிட்டு இருந்தீங்க. ஆத்தங்கரை வந்ததும் நிறுத்திட்டீங்க.

என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் அமல் பழியைத் தன்மேல போட்டுக்கிட்டிருக்கான். அந்த ஒரே பார்வை பாத்தான்ல, அதுல முடிவு பண்ணியிருக்கான். பொண்டாட்டி போனாலும் பரவாயில்ல, அக்கா தலை குனியக் கூடாதுன்னு. நான் அவனைப் பேரு வாங்குறான்னு சொல்லிட்டுப் பிளேன் ஏறியிருக்கேன்.

எனக்கு இப்ப இருக்கற பயம் அந்த ஆத்தங்கரையிலகூட இருந்ததில்லம்மா. இதைச் சொன்னா ரீத்தா மறுபடி எனக்குத் தலை வாருவாளா? ஜெனி அத்தைன்னு கூப்பிடுமா? சொல்லாம இருந்தா அவன் குடும்பம் போயிரும். சொன்னா எனக்கு இருக்கறது போயிரும்.

இந்தாங்க, இந்த போனைப் புடிங்க. எனக்கு ஒத்தக் கையில வராது. ரீத்தான்னு இருக்கும் பாருங்க, புள்ளையோட படம் போட்டு. அதுல கீழ மைக்கு இருக்குல்ல, அதை அமுக்கிப் புடிச்சுக்கங்க. விரலை எடுத்தா அவளுக்குப் போயிரும். ம், புடிச்சுட்டீங்களா?

"ரீத்தா, அண்ணி பேசுறேம்மா. நல்லபடியா வந்து சேந்துட்டேன். அந்தக் காத்து விஷயமா ஒண்ணு சொல்லணும். முப்பத்திமூணு வருஷம் சைக்கிள் மிதிச்சவ நான், காத்து கம்மியா இருந்தா எவ்வளவு ஆபத்துன்னு எனக்குத்தான்..."

வேணாம், வேணாம். இது வேணாம்மா. விரலை எடுக்காதீங்க! அப்படியே ஒரு பக்கமா இழுத்தா அழிஞ்சிரும். அழிஞ்சிருச்சா? பாத்துட்டீங்களா? சரி. மறுபடி அமுக்குங்க.

"ரீத்தா. நாலு சைக்கிளுக்கும் காத்தடிச்சது நான். அமல் இல்ல. அவன் வேணாம்னு சொன்னான், நான்தான் கேக்கலை."

கீரனூர் வந்துருச்சு, கண்டக்டர் விசிலடிக்கிறாரு. எழுந்திரிங்கம்மா. விரலை எடுத்துருங்க, போகட்டும்.